கல்லூரி ஹாக்கித் தொடரை நடத்த ஏற்ற ஊர் எது?

கல்லூரி அணிகளுக்கான ஹாக்கி வாகையர் போட்டியை எந்த ஊரில் நடத்தலாம் என்ற பேச்சு எழுந்தால், அங்கே எத்தனை பேர் உட்காரக்கூடிய அரங்கம் இருக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம். கல்லூரி அணி சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களின் அணி அன்று. இரவு முழுவதும் ரயிலில் வந்து, பத்துப் பேர் ஒரே கூடத்தில் படுத்து, மறுநாள் காலையில் ஓர் ஆட்டமும் அதற்கடுத்த நாள் இன்னோர் ஆட்டமும் ஆடி, வென்றால் ஒரு வாரம் தங்கவும் தோற்றால் அன்று மாலையே மூட்டை கட்டவும் ஆயத்தமாக இருக்கும் மாணவர்களின் அணி அது. அவர்களுக்கு ஓர் ஊர் செய்யக்கூடிய பெரிய உதவி அவர்களுடைய நேரத்தை வீணாக்காமல் இருப்பதுதான். படுக்கும் இடம், ஆடும் தரை, சாப்பிடும் இடம் ஆகிய மூன்றுக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கரைகிறது என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், திருப்பூர், நாமக்கல் என்று நமக்குப் பழக்கமான கொங்கு நாட்டு ஊர்களே வேறு வரிசையில் தெரியத் தொடங்கும்.

இரு நாடுகள், இரு வகைத் தொடர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரிதாகக் கொண்டாடப்படுவது பனித்தளத்து ஹாக்கி. அதன் தேசிய வாகையர் போட்டி 1948-இல் கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில், பிராட்மூர் என்ற அரங்கத்தில் தொடங்கி, முதல் பத்து ஆண்டுகளும் அதே அரங்கத்திலேயே நடந்தது. இப்போது 16 அணிகள் தகுதி பெறுகின்றன. அவை நான்கு வட்டாரங்களில் பிரிந்து ஆடி, எஞ்சும் நான்கு அணிகள் மட்டும் ஏப்ரல் மாதத்தில் ஒரே நகரில் கூடுகின்றன. வியாழக்கிழமை அரையிறுதிகளும் சனிக்கிழமை இறுதி ஆட்டமும் நடக்கின்றன. ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்று அழைக்கப்படும் அந்த மூன்று நாள் கூடுகையை நடத்தும் உரிமைக்காக நகரங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே விண்ணப்பிக்கின்றன.

நம் நாட்டில் கல்லூரி ஹாக்கி, தரையில் பக்கத்துக்குப் பதினொருவர் ஆடும் ஹாக்கி. கல்லூரி அளவில் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் அணியில் சேர்ந்து, 1925-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டிகளில் ஆடுகிறார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன. இங்கே விண்ணப்பிப்பது நகரம் அன்று, ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம். நகரம் அதன் பின்னால் நிற்கும். சில நேரங்களில் நிற்காமலும் போகும்.

இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். அமெரிக்க நகருக்கு வருவது நான்கு அணிகளும் பல்லாயிரம் ரசிகர்களும். ஆகவே அங்கே ஊர் தேர்வு என்பது ரசிகர்களைப் பற்றிய கேள்வி: விடுதி அறை கிடைக்குமா, அரங்கத்துக்கு நடந்து போகலாமா, ஆட்டம் இல்லாத வெள்ளிக்கிழமையை எங்கே கழிப்பது? நம் ஊருக்கு வருவதோ பல அணிகள், ஆனால் மிகக் குறைந்த ரசிகர்கள். ஆகவே இங்கே ஊர் தேர்வு என்பது அணிகளை வைத்துக் காப்பாற்றுவது பற்றிய கேள்வி. அங்குள்ள அளவுகோலை அப்படியே எடுத்து இங்கே வைப்பவர்கள்தான் அரங்கத்தின் இருக்கைகளை எண்ணத் தொடங்குகிறார்கள்.

நாள் கணக்கு

மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் சுற்றுகளில் தொடங்கி, கடைசி நான்கு அணிகளுக்கு இடையே லீக் முறையில் முடிகின்றன. எடுத்துக்காட்டாக 32 அணிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். நான்கு அணிகள் எஞ்சும் வரை 28 ஆட்டங்கள்; அந்த நான்கும் ஒன்றோடொன்று மோத 6 ஆட்டங்கள்; ஆக மொத்தம் 34. ஓர் ஆட்டம் பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கிறது. இடைவேளைகளையும், பெனால்டி கார்னருக்காகக் கடிகாரம் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் எண்பது நிமிடத்தை நெருங்கிவிடும். அடுத்த அணிகள் உடலைச் சூடேற்றிக்கொள்ளவும் தரைக்கு நீர் தெளிக்கவும் நேரம் விட்டால், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவதே நேர்மையான திட்டம். விளக்கு வசதி இல்லாத தரையில் காலை ஆறரையிலிருந்து அந்தி வரை ஐந்து ஆட்டங்களுக்கு மேல் முடியாது.

ஓர் அணி ஒரே நாளில் இருமுறை ஆடக் கூடாது என்ற ஒழுங்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு தரை உள்ள ஊருக்கு நாக்-அவுட் சுற்றுகளுக்கு ஆறு நாளும், லீக் சுற்றுக்கு மூன்று நாளும் தேவைப்படும். இரண்டு தரைகள் இருந்தால் ஏழு நாளில் முடித்துவிடலாம். விளக்கு இருந்தால் இன்னும் குறையும். இரண்டு நாள் குறைவது என்பது நூற்றுக்கணக்கான மாணவர்களின் சாப்பாடும் படுக்கையும் பேருந்து வாடகையும் வகுப்பு வருகைப்பதிவும் குறைவது. ஆகையால், பத்தாயிரம் இருக்கைகள் கொண்ட ஒரு தரையைவிட, இருக்கையே இல்லாத இரண்டு தரைகள் கல்லூரித் தொடருக்கு மேலானவை. பயிற்சிக்கென்று தனியாக இன்னொரு தரை இருந்தால் அது கொடுப்பினை.

தரையும் தண்ணீரும்

ஒலிம்பிக் ஹாக்கி 1976-இல் மான்ட்ரியலில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அன்றிலிருந்து இயற்கைப் புல்லிலும் மண் தரையிலும் ஆடப் பழகியவர்கள் பெரிய போட்டிகளில் தடுமாறுவது வழக்கமாகிவிட்டது. மண் தரையில் பந்து துள்ளும், திசை மாறும், மட்டைக்கு வருவதற்குள் வேகம் இழக்கும். செயற்கைத் தரையில் அது நேராகவும் விரைவாகவும் வரும். மண்ணில் பழகிய ஓர் அணியைத் திடீரென்று டர்ஃபில் இறக்கினால், தோற்றது எதனால் என்று அதன் பயிற்சியாளரே சொல்ல முடியாது. ஆகவே வாகையர் போட்டியை நடத்தும் ஊரில் தரமான செயற்கைத் தரை இருப்பது மட்டும் போதாது. வந்திறங்கும் அணிகள் முதல் ஆட்டத்துக்கு முன்பு அதன் மேல் ஒரு மணி நேரமாவது ஓடிப் பார்க்க இடம் தர வேண்டும்.

ஆடுகளத்தின் அளவு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும். கோட்டுக்கு வெளியே ஆட்டக்காரர் ஓடி நிற்பதற்கான இடத்தையும் சேர்த்தால் 101.4 மீட்டருக்கு 63 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,400 சதுர மீட்டர். உயர்நிலைப் போட்டிகளுக்கான பல தரைகள் ஆட்டத்துக்கு முன்பு நனைக்கப்பட வேண்டியவை. நீர் இருந்தால்தான் பந்து சீராக உருளும். விழுந்து சறுக்கும் ஆட்டக்காரரின் முழங்கால் தோலும் தப்பும். மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தெளிப்பதாக வைத்துக்கொண்டாலே ஓர் ஆட்டத்துக்கு 19,000 லிட்டர் ஆகிறது. ஒரு நாளைக்கு ஐந்து ஆட்டம் என்றால் ஒரு லட்சம் லிட்டரைத் தொடும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் கொங்கு நாட்டு வாசகருக்கு வேறு ஒரு நினைவு வரும். கோயம்புத்தூரின் பழைய குடிநீர் ஆதாரமான சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அதன் நீர்மட்டம் இறங்கும் கோடையில் வீதிகளில் குடங்கள் வரிசை கட்டும்போது, விளையாட்டுத் தரைக்குக் குடிநீரைப் பாய்ச்சுவது எந்த மாநகராட்சிக்கும் நியாயப்படுத்த முடியாத செயல். தரைக்குக் குடிநீர் தேவையில்லை. உப்பும் கசடும் குறைந்த, நோய்க்கிருமி நீக்கிய நீர் போதும். தெளித்த நீர் அடியில் வடிந்து தொட்டிக்குத் திரும்பி வருமாறு அமைத்தால் அதில் ஒரு பகுதியை மீண்டும் பயன்படுத்தலாம். இந்த வகையில் கொங்கு நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற கட்டாயத்துக்கு ஆளான திருப்பூர், நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தைக் கடினமான வழியில் கற்றுக்கொண்ட ஊர். பம்புக்கும் மோட்டாருக்கும் கோயம்புத்தூருக்கு ஆள் சொல்லித் தர வேண்டியதில்லை. தரையைச் சுற்றி நின்று நீரை வீசும் கருவி, நம் தோட்டங்களில் கரும்புக்கும் நிலக்கடலைக்கும் நீர் தெளிக்கும் ‘ரெயின் கன்’ என்பதன் நெருங்கிய உறவினர்தான். அது பழுதானால் சரிசெய்யும் ஆளை இங்கே அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். பழுது பார்க்கும் கை பக்கத்தில் இருப்பது விண்ணப்பப் படிவங்களில் யாரும் கேட்காத தகுதி, ஆனால் தொடரின் மூன்றாம் நாள் காலையில் அதுதான் முதல் தகுதியாகிவிடும்.

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் முன்பைவிடக் குறைந்த நீர் கேட்கும் தரை பயன்படுத்தப்பட்டது. நீரே தேவைப்படாத தரையை நோக்கிப் பன்னாட்டு ஹாக்கி அமைப்பும் நகர்ந்து வருகிறது. கல்லூரி அளவிலான போட்டிகளுக்கு மணல் நிரப்பிய தரைகளும் உண்டு. அவற்றில் ஆட்டத்தின் வேகம் சற்றுக் குறையும், நீர்ச் செலவு பெரிதும் குறையும். புதிதாகத் தரை போட எண்ணும் எந்தக் கல்லூரியும் நம் பகுதியின் மழையை மனத்தில் வைத்து இந்த இரண்டாவது வகையைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பேன். கோவை ஆர்.எஸ்.புரத்தில் மாநகராட்சி ஹாக்கித் தரை அமைக்கும் வேலையைக் கையில் எடுத்தது நல்ல தொடக்கம். ஆனால் ஒரு தரையை வைத்துக்கொண்டு 34 ஆட்டங்களை நடத்தும் கணக்கு என்ன ஆகும் என்பதை மேலே பார்த்துவிட்டோம்.

முகூர்த்த நாளும் ஹாக்கியும்

ஓர் அணிக்கு ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் மேலாளருமாக இருபது பேர் என்று கொண்டால், 32 அணிகளுக்கு 640 பேர். நடுவர்கள், தொழில்நுட்ப அலுவலர்கள், தொண்டர்கள் தனி. இவர்களில் எவரையும் நட்சத்திர ஓட்டலில் தங்க வைக்கப் பல்கலைக்கழகத்திடம் பணம் இருக்காது. வழக்கமான தீர்வுகள் இரண்டு: கல்லூரி விடுதி அல்லது கல்யாண மண்டபம்.

இங்கேதான் ஊரைத் தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது, தேதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விளங்கும். வைகாசியிலோ ஆவணியிலோ தையிலோ தொடரை வைத்தால், வளர்பிறை முகூர்த்தம் ஒன்று குறுக்கே வந்து நகரில் ஒரு மண்டபமும் கிடைக்காமல் போகும். சிறிய விடுதிகளும் திருமண வீட்டாரால் நிரம்பியிருக்கும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் சாலைகளை நிறைப்பார்கள். மாசியில் கோவையின் கோனியம்மன் தேர், பங்குனியில் ஈரோட்டின் பெரிய மாரியம்மன் விழா என்று ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி நெருக்கடி நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கடைவீதி வழியாக ஓர் அணியின் பேருந்து தரைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று எவரும் உறுதி தர முடியாது.

திருமணம் நடக்காத மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஆடியில் மண்டபங்கள் காலியாக இருக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கோவையிலும் பொள்ளாச்சியிலும் உயரத் தூக்கி அடிக்கும் பந்தை எங்கோ கொண்டுபோய்ப் போடும். தவிர, கல்லூரிகள் அப்போதுதான் திறந்து அணிகளே உருவாகியிருக்காது. மார்கழி அப்படி அன்று. வடகிழக்கு மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெயில் மென்மையாக இருக்கும், பருவத் தேர்வுகள் முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மாணவர்கள் ஊர் சென்றதால் விடுதிகள் காலியாகும், மண்டபங்களின் உரிமையாளர்கள் வாடகையில் இறங்கி வருவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஈரோடும் கரூரும் 40 பாகை செல்சியஸைத் தொடும்போது செயற்கைத் தரையின் மேற்பரப்பு அதைவிடப் பல பாகை கூடுதலாகக் கொதிக்கும் என்பதையும் நினைத்தால், டிசம்பர் நடுவிலிருந்து பொங்கலுக்கு முந்தைய வாரம் வரையிலான நாட்களுக்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஒரே தொல்லை ரயில்; சபரிமலைக்குச் செல்லும் கூட்டம் கேரளம் நோக்கிய எல்லா வண்டிகளையும் நிரப்பிவிடும் என்பதால், அணிகளுக்குத் தொடரின் அட்டவணையை இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். முன்பதிவு தொடங்கும் நாளில் மேலாளரின் கையில் தேதி இருக்க வேண்டும்.

மண்டபமா விடுதியா என்றால், விடுதியே மேல். மண்டபத்தில் கூடம் பெரியது, குளியலறை சிறியது. இருபது பேர் ஆறு மணிக்குள் குளித்துக் கிளம்ப வேண்டிய காலையில் அதன் விளைவு தெரியும். மகளிர் அணிகளுக்கு மண்டபத்தை நினைக்கவே கூடாது. காவலும் தனிக் குளியலறையும் உள்ள கல்லூரி விடுதிதான் வேண்டும். அவினாசிலிங்கம் போன்ற மகளிர் நிறுவனங்களைப் பல பத்தாண்டுகளாகப் பெற்றிருக்கும் கோவைக்கு இதில் மற்ற ஊர்களைவிட முன்னுரிமை உண்டு. இன்னொரு சிறு செய்தி: கோல்கீப்பரின் கவசங்கள் நனைந்தால் எளிதில் காயாது. மார்கழிப் பனியில் மொட்டை மாடியில் காயப் போட்டால் மறுநாள் காலை அவை முன்னிலும் ஈரமாக இருக்கும். ஒவ்வொரு தங்குமிடத்திலும் மின்விசிறியோடு ஓர் அறையை இதற்கென்று ஒதுக்கிவைத்தால், அந்தத் தொடரைப் பற்றி கோல்கீப்பர்கள் பல ஆண்டுகள் நல்லதாகப் பேசுவார்கள்.

சாப்பாட்டில் கொங்கு நாட்டுக்குக் கவலை இல்லை. இரண்டாயிரம் பேருக்குப் பந்தி போட்டுப் பழகிய சமையல் குழுக்கள் எல்லா ஊரிலும் உள்ளன. கவனிக்க வேண்டியது நேரமும் வகையும்தான். ஆறரை மணிக்கு ஆடுபவர்களுக்கு நான்கரைக்கே ஏதேனும் லேசாகக் கிடைக்க வேண்டும். பதினொரு மணிக்கு ஆடி முடித்தவர்கள் இரண்டு மணிப் பந்திக்காகக் காத்திருக்கக் கூடாது. நெய் வழியும் வெண்பொங்கலைத் தின்றுவிட்டு யாராலும் ஓட முடியாது. நாமக்கல் முட்டை தாராளமாகக் கிடைக்கும் வட்டாரத்தில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிபாளையம் சிக்கனும் கொங்கு பிரியாணியும் ஊரின் பெருமைதான். அந்தப் பெருமையைத் தோற்ற அணிகளுக்கும் கடைசி நாள் இரவுக்கும் ஒதுக்கிவைப்பது நல்லது.

யார் பார்க்க வருவார்கள்?

அமெரிக்கர்கள் பல ஆண்டுகளாக இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடும் கேள்வி இது. ஆட்டம் வாழும் ஊருக்கே தொடரைக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒரு கட்சி. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் 2002, 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வாய்ப்புப் பெற்றது, பள்ளிச் சிறுவர் முதல் ஹாக்கி ஆடும் மாநிலம் அது என்பதால்தான். பயணமே இன்பமாக இருக்கும் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மற்றொரு கட்சி. பனி பெய்யாத புளோரிடாவின் டாம்பா நகரம் 2012, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் இறுதிக் கட்டத்தை நடத்தியது. அரங்கத்துக்கும் விடுதிகளுக்கும் இடையே நடந்தே போகலாம். குளிர் மாநிலங்களிலிருந்து வருபவர்களுக்கு ஏப்ரல் வெயிலும் கடலும் கூடுதல் வரவு. இந்த இரண்டுக்கும் அப்பால், 2010-இல் டெட்ராய்ட்டில் அமெரிக்கக் கால்பந்துக்கான ஃபோர்டு ஃபீல்டு அரங்கத்துக்குள் தற்காலிகப் பனித்தளம் அமைத்து இறுதி ஆட்டத்தை 37,000-க்கும் மேற்பட்டோர் பார்த்தனர். கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் அதுதான் வெற்றி. ஆடுகளத்திலிருந்து வெகு தொலைவில் உட்கார்ந்து, பனித்தளத்து ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் சிறு வில்லையைத் தேடிய பார்வையாளரைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

நமக்கு அருகிலேயே வேறொரு முன்மாதிரி இருக்கிறது. குடகு மலையில் 1997 முதல் நடந்து வரும் கொடவக் குடும்பங்களின் ஹாக்கி விழாவில், ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பம் பொறுப்பேற்று நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்ப அணிகள் பங்கேற்றுள்ளன. அங்கே பார்வையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஏனென்றால் பார்வையாளர் எல்லோரும் ஆடுபவரின் அத்தையோ சித்தப்பாவோதான். தமிழ்நாட்டில் கோவில்பட்டிக்கும் இதைப் போன்ற ஒரு பெயர் உண்டு. பெரிய நகரமாக இல்லாமலேயே அகில இந்திய ஹாக்கித் தொடரை நடத்தும் பழக்கமும், அதைப் பார்க்கும் கண்களும் அங்கே வளர்ந்திருக்கின்றன.

கொங்கு நாட்டில் ஹாக்கிக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கபடிக்கு உண்டு, கூடைப்பந்துக்கு உண்டு. கோவை வ.உ.சி. பூங்காவையொட்டிய கூடைப்பந்து அரங்கத்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை போன்ற அகில இந்தியப் போட்டிகள் நடக்கும் மாலைகளில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டம் பார்க்க வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டம் ஒரே ஆண்டில் உருவானதன்று. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டு தவறாமல், அலுவலகம் விடும் நேரத்துக்குப் பிறகு ஆட்டங்களை வைத்ததால் உருவானது. ஹாக்கியும் அதைப் பெற வேண்டுமானால் விளக்கு வசதியோடு மாலை ஏழு மணிக்கு ஓர் ஆட்டமாவது நடக்க வேண்டும். காலை ஆறரை மணி ஆட்டத்தை ஊர் மக்கள் பார்க்க வரவில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. முதல் சுற்றுகளுக்குப் பள்ளிகளின் ஹாக்கி அணிகளை அழைத்து ஓரமாக உட்கார வைத்தால், நூறு சிறுவர்களானாலும் ஆட்டம் தெரிந்த நூறு பேர் கிடைப்பார்கள்.

ஊர்களை ஒப்பிட்டால்

2023-ஆம் ஆண்டு ஆண்கள் உலகக் கோப்பையைப் புவனேஸ்வரும் ரூர்கேலாவும் பகிர்ந்துகொண்டன. ரூர்கேலா சிறிய தொழில் நகரம். ஆனால் இந்திய அணிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் சுந்தர்கர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அணிகளைத் தங்க வைக்கப் போதிய ஓட்டல்கள் இல்லாததால், அரங்கத்தின் பக்கத்திலேயே தங்குமிடத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். 2025-இல் 24 அணிகள் ஆடிய ஆண்கள் இளையோர் உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் பகிர்ந்துகொண்டன. இரண்டு ஊர் முறையில் தரைகளின் பற்றாக்குறை தீரும், ஆனால் அலுவலர்களும் கருவிகளும் சமையலும் இரட்டிப்பாகும். நடுவே ஓர் அணி ஊர் மாற நேர்ந்தால் ஒரு நாள் போய்விடும். கல்லூரித் தொடருக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

கோயம்புத்தூர் வெளிப்படையான தேர்வு. விமான நிலையம் பீளமேட்டிலேயே இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தே பாரத் உள்ளிட்ட வண்டிகள் உண்டு. எலும்பு முறிவுக்கும் பல் உடைவுக்கும், ஹாக்கியில் இரண்டும் நடப்பவை, நள்ளிரவிலும் மருத்துவர் கிடைப்பார். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளைச் சென்னை, மதுரை, திருச்சியோடு பகிர்ந்து நடத்திய அனுபவமும் இருக்கிறது. குறை என்னவென்றால், கல்லூரிகள் நகரின் நான்கு திசைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவினாசி சாலையில் தங்கும் அணி, மேற்கே மருதமலைச் சாலைக்கோ தடாகம் சாலைக்கோ காலை எட்டரை மணிக்குப் போக வேண்டும் என்றால், 2025-இல் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் உப்பிலிபாளையம் வரைதான் கைகொடுக்கும்; அதற்குப் பிறகு காந்திபுரமும் கிராஸ்கட் சாலையும் இருக்கின்றன.

ஈரோட்டையும் சேலத்தையும் நான் இதைவிட உயர்வாக மதிப்பேன், ஒரு நிபந்தனையோடு. இரண்டும் பெரிய ரயில் சந்திப்புகள். கேரளம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய எந்தத் திசையிலிருந்தும் இரவு வண்டியில் ஏறினால் காலையில் வந்து சேரலாம். பெருந்துறை, திருச்செங்கோடு வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தங்கும் விடுதிகளும் அவற்றுக்கான மெஸ்களும் ஒரே வளாகத்துக்குள் அமைந்த கல்லூரிகள் உள்ளன. அப்படிப்பட்ட ஒரு வளாகத்துக்குள்ளேயே இரண்டு நல்ல தரைகள் போடப்பட்டால், அணிகள் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தே ஆடப் போகலாம், பேருந்தே தேவைப்படாது. எந்த மாநகரமும் தர முடியாத வசதி அது. தரைதான் நிபந்தனை, அது இல்லாத வரை இந்தப் பேச்சு காகிதத்தோடு நின்றுவிடும். திருப்பூரில் அணிகளுக்குச் சட்டை மட்டும் தைத்துக்கொள்ளலாம். பின்னலாடை நிறுவனங்களின் பணிமுறை மாறும் நேரத்துப் போக்குவரத்தில் ஒரு தொடரை நடத்துவது சோதனை.

ஊர் எதுவானாலும், விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பு உடற்கல்வி இயக்குநர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு வேலை நாளில், ஒரு கல்லூரிப் பேருந்தில், தன் மாணவர் இருபது பேரையும் கோல்கீப்பரின் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, தங்கப்போகும் இடத்திலிருந்து தரைக்கும், தரையிலிருந்து சாப்பிடும் இடத்துக்கும், அங்கிருந்து மீண்டும் தங்குமிடத்துக்கும் போய் வந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பார்த்தால் கணக்கு தவறாக வரும். எழுதிய நேரங்களின் கூட்டுத்தொகை ஒன்றரை மணிக்குள் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பலாம். மூன்று மணியைத் தாண்டினால், தரை எவ்வளவு அழகாக இருந்தாலும், தங்குமிடத்தை மாற்றிவிட்டு மறுபடியும் பேருந்தில் ஏற வேண்டும்.